மதிப்புரையின் தர்மம்

"மதிப்புரைக்கு இரண்டு பிரதிகள் அனுப்ப வேண்டும்" என்ற அறிவிப்பைத் தமிழ்ப் பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களில் காணாத வாசகர் இருக்க முடியாது. அவ்வாறு வந்து சேரும் நூல்களுள் பலவற்றுக்கு 'வரப்பெற்றோம்' என்ற தலைப்பின் கீழ்ப் பெயரும் விலையும் மாத்திரம் கிடைக்கின்றன. சிலவற்றுக்கு, அச்சின் அழகையும் அட்டையின் கட்டுமானத்தையும் ஆசிரியரின் உழைப்பையும் பாராட்டி, தமிழுலகம் இதனை வரவேற்கும் என்று ஆசி கூறி முடிக்கும் பத்து வரிகள் வாய்க்கின்றன. மிகச் சிலவற்றுக்கே, நூலை முழுவதும் படித்து, அது சொல்வது இன்னதென்று உணர்ந்து, அதன் மெய்ம்மையைச் சோதித்து, வாசகனுக்கு வழிகாட்டும் மதிப்புரை அமைகிறது. இந்த மூன்றாவது வகை ஏன் அருகியிருக்கிறது, அதனை எழுதும் முறைதான் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைக்கும் கவிதைக்கும் விமரிசனம் எழுதும் முறையைப் பற்றி நம்மவர் நிறையச் சிந்தித்திருக்கின்றனர். 1959-ஆம் வருஷத்தில் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து'ப் பத்திரிகை பெரும்பாலும் அந்தச் சிந்தனைக்காகவே வாழ்ந்தது, க. நா. சுப்ரமண்யம் 'விமரிசனக் கலை' என்று ஒரு தனி நூலே செய்தார். ஆனால் சரித்திரம், ஜீவிய சரித்திரம், யாத்திரை, விஞ்ஞானம், பொருளாதாரம், மொழியாராய்ச்சி என்று உலகத்து உண்மைகளைச் சொல்ல வந்த நூல்களை மதிப்பிடும் முறையோ அவ்வளவாக ஆராயப்படவில்லை. கதையில் ரசம் குன்றினால் வாசகனுக்கு ஒரு மாலைப்பொழுது நஷ்டமாகும். சரித்திர நூலில் ஒரு வருஷம் பிழைத்தாலோ, அந்தப் பிழை மாணவனின் பரீட்சைத் தாளில் ஏறி, மேடைப் பிரசங்கியின் நாவில் ஏறி, அடுத்த நூலாசிரியனின் அடிக்குறிப்பில் ஏறி, பின்னர் எவராலும் களையமுடியாத அளவு வேரூன்றிவிடுகிறது. ஆகவே இவ்வகை நூல்களுக்கு மதிப்புரை எழுதுகிறவனின் பொறுப்பு இரட்டிப்பாகிறது.

'மதித்தல்' என்ற நம் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நகைக்கும் நிலத்துக்கும் மதிப்புப் போடுகிறோம் என்னும்போது விலையை அளத்தல் அதன் பொருள். பெரியோரை மதிக்கிறோம் என்னும்போது மரியாதை செய்தல் அதன் பொருள். இவ்விரண்டும் ஒரு சொல்லில் கூடியிருப்பதைத் தற்செயலாக நான் கருதுவதில்லை. மரியாதையின்றி அளப்பவன் நூலைச் சரியாகப் படிப்பதில்லை. அளக்காமல் மரியாதை செய்பவன் வாசகனை ஏமாற்றுகிறான். இவ்விரண்டையும் ஒருங்கே செய்வதே மதிப்புரையின் தர்மம்.

பழைய அளவுகோல்கள்

மதிப்புரை என்பது மேல்நாட்டுப் பத்திரிகைகளிலிருந்து நாம் இரவல் வாங்கிய கலை என்று நினைப்பவர் உண்டு. பத்திரிகை அங்கிருந்து வந்தது உண்மை. நூலை ஆராயும் நெறி இங்கேயே இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரவியலைத் திறந்து பார்த்தால், ஒரு நூலைப் பற்றி முதலில் சொல்லவேண்டியவை இவை என்று எட்டுச் செய்திகள் அங்கே எண்ணிவைக்கப்பட்டிருக்கக் காணலாம்: ஆக்கியோன் பெயர், அந்நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாக்குவாரும் உளர்.

இவற்றை இன்றைய மொழியில் பெயர்த்துக்கொண்டால், மதிப்புரைகாரன் கேட்கவேண்டிய வினாக்கள் அனைத்தும் கிடைத்துவிடுகின்றன. 'வழி' என்பது, இந்நூல் எந்த முன்னூல்களின்மேல் நிற்கிறது, அவற்றோடு புதிதாகச் சேர்த்தது என்ன என்ற வினா. 'யாப்பு' என்பது, தொகுத்தோ விரித்தோ மொழிபெயர்த்தோ செய்யப்பட்ட அதன் அமைப்பைப் பற்றிய வினா. 'நுதலிய பொருள்' அதன் மையக் கருத்து. 'கேட்போர்' யாருக்காக எழுதப்பட்டது என்பது. 'காரணம்' இப்போது இதனை எழுதத் தூண்டியது எது என்பது. இவற்றுள் ஆக்கியோன் பெயரையும் நூற்பெயரையும் மாத்திரம் சொல்லி, எஞ்சியவற்றுக்கு ஈடாக விலையைச் சேர்த்துவிடுவதே 'வரப்பெற்றோம்' பகுதி செய்யும் காரியம்.

அதே பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களும் பத்து அழகுகளும் கூறப்படுகின்றன. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல் என்பவை, எந்த நூற்றாண்டிலும் எந்த மொழியிலும் சரித்திரமோ விஞ்ஞானமோ எழுதுகிறவன் தவறி விழும் குழிகளே. நூலாசிரியன் பிற கொள்கைகளை எதிர்கொள்ளும் வகைகளை எழுவகை மதம் என்று பிரிக்கும் அந்நூல், உடன்படுதலை முதலிலும் மறுத்தலை அடுத்தும் வைத்திருக்கும் வைப்புமுறையும் கருதத்தக்கது.

ஆயினும் மேற்கூறிய எட்டுச் செய்திகளைச் சொல்லும் சிறப்புப் பாயிரத்துக்கு ஒரு குறையும் உண்டு. தற்புகழ்ச்சி தகாது என்பதால் அதனைப் பிறரே செய்யவேண்டும் என்று விதித்த இலக்கணம், அப்பிறர் யார் என்னும்போது ஆசிரியன், உடன்கற்றோன், மாணாக்கன், உரைகாரன் என்று உறவினுள்ளேயே நின்றுவிட்டது. நண்பர் எழுதும் முகவுரைக்கு இது போதும், மதிப்புரைக்குப் போதாது. அந்தக் குறையை நிரப்பியது அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசானுக்குப் பிழையற எடுத்துரைக்கப்பட்டது என்று அதன் பாயிரம் கூறுகிறது. கேட்போன் தடை எழுப்பவும், செய்தோன் விடை கூறவும் இடமளித்த அந்த அவையே நம் முதல் மதிப்புரை மன்றம்.

எழுத்து வடிவில் வந்த மறுப்புக்கும் நம்மிடம் முன்மாதிரி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் திருவாரூர் வைத்தியநாத தேசிகர் செய்த 'இலக்கண விளக்க'த்தை, பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' என்ற பெயரால் இடந்தோறும் எடுத்துக்கொண்டு கண்டித்தார். இன்ன இடத்தில் இன்னது கூறினார், அது பொருந்தாமைக்குக் காரணம் இன்னது என்று சுட்டிச் செல்லும் அந்தத் துல்லியம் மதிப்புரைகாரன் ஒவ்வொருவனும் பயிலவேண்டியது. எனினும் விளக்கை அணைக்கச் சூறாவளியை ஏவும் அந்தப் பெயரின் வேகத்தைப் பின்பற்றவேண்டியதில்லை என்பேன். சூறாவளி வீசிய பின்னும் இலக்கண விளக்கம் அணையவில்லை. இலக்கணம் பயில்வோர் இன்றும் இரண்டையும் கற்கின்றனர்.

முதற்படி: நூல் சொன்னதைச் சொல்லுதல்

நம் தத்துவ சாஸ்திரங்களில் மறுப்பதற்கு முன் எதிரியின் கொள்கையைப் பூர்வபக்ஷமாக நிறுவவேண்டும் என்பது மரபு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலோகாயதன் முதலாகப் பதினான்கு மதத்தாரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கொள்கையையும் முதலில் அவரவர் வாய்மொழிபோலவே கூறி, அதன் பின்னரே மறுக்கத் தொடங்குகிறார். மதிப்புரை எழுதுவோனுக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் இல்லை. நூல் சொன்னதை, நூலாசிரியன் படித்தால் "ஆம், நான் சொன்னது இதுவே" என்று ஒப்பும்படி சொன்ன பிறகுதான், அதனை மறுக்கும் உரிமை நமக்குப் பிறக்கிறது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இந்தக் காரியம் செய்யப் புகுந்தால் கடினமானது. பல வருஷங்களாக நான் கைக்கொண்டுவரும் முறை ஒன்றை இங்கே சொல்கிறேன். முதல் வாசிப்பில் கையில் பென்சில் வைத்துக்கொள்வதில்லை. நூலாசிரியனோடு வழக்காடாமல், அவன் அழைத்துச் செல்லும் வழியே கடைசிவரை போய்வருகிறேன். முடித்த மறுநாள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அரைத் தாளில் அதன் மையக் கருத்தையும் அதற்கு ஆசிரியர் காட்டும் முக்கியமான காரணங்களையும் என் சொற்களில் எழுதுகிறேன். பிறகு புத்தகத்தைத் திறந்து, முகவுரையையும் முடிவுரையையும் அந்தத் தாளோடு ஒப்பிடுகிறேன். நான் எழுதியது ஆசிரியர் கூறியதினின்று விலகியிருந்தால், பெரும்பாலும் பிழை என் வாசிப்பினுடையது. மீண்டும் படித்தும் அது விலகியே நின்றால், நூலின் அமைப்பில் ஏதோ மயக்கம் இருக்கிறதென்று அறிகிறேன். அந்த மயக்கமே மதிப்புரையில் சொல்லவேண்டிய முதற் குறிப்பாகிவிடுகிறது.

நூல் சொன்னதைச் சொல்லுதல் என்றால் அதிகாரம் அதிகாரமாகச் சுருக்கித் தருதல் என்று சிலர் கருதுகின்றனர். முதல் அத்தியாயத்தில் இது, இரண்டாம் அத்தியாயத்தில் இது என்று போகும் மதிப்புரை பொருளடக்கத்தின் நீட்சியே ஆகும். முந்நூறு பக்க நூலின் கருத்து மூன்று பத்திகளுக்குள் அடங்கவேண்டும். எஞ்சிய இடம் ஆராய்ச்சிக்கு உரியது.

இரண்டாம் படி: உரைத்துப் பார்த்தல்

அடகுக் கடையில் நகையை வாங்கும் அனுபவசாலி அதனை ஒரே இடத்தில் உரைப்பதில்லை. கொக்கியில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, பற்றவைத்த இடத்தில் ஒருமுறை என்று உரைகல்லில் கோடிழுத்துப் பார்க்கிறார். ஏனெனில் கண்ணில் படும் இடத்தில் பொன்னையும் படாத இடத்தில் செம்பையும் வைப்பவர் உண்டு. சான்றுகளோடு கூடிய நூலையும் அவ்வாறே சோதிக்கவேண்டும். எல்லா அடிக்குறிப்புக்களையும் தேடிப் பார்ப்பது ஒருவரால் ஆகும் காரியமன்று, ஆனால் நூலின் தொடக்கத்தில் சிலவற்றையும், நடுவில் சிலவற்றையும், ஆசிரியர் தம் முக்கியமான முடிவை நிறுத்தியிருக்கும் இடத்தில் உள்ள அனைத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இயலும், செய்யவும் வேண்டும்.

ஒருமுறை கோயில் வரலாறு ஒன்றைப் படிக்கையில், சாசனத்தில் காணும் சக வருஷத்தை அப்படியே கிறிஸ்து சகாப்த வருஷமாக ஆசிரியர் எடுத்துக்கொண்டிருக்கக் கண்டேன். சக வருஷத்தோடு 78 கூட்டினால்தான் கிறிஸ்து வருஷம் வரும். சக வருஷம் 932 என்றால் அது கி.பி. 1010. இந்த எழுபத்தெட்டு வருஷப் பிழையால், முதலாம் இராஜராஜன் காலத்துத் திருப்பணி ஒன்று அவனுடைய கொள்ளுப்பாட்டனார் காலத்துக்கு ஏறிவிட்டது; அதைப் பற்றுக்கோடாகக் கொண்டு, அக்காலத்துக் கட்டடக்கலையைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதப்பட்டிருந்தது. பிழை சிறிது, அதன்மேல் எழுந்த கட்டடம் பெரிது. மதிப்புரையில் இத்தகைய பிழையைச் சுட்டும்போது, அது வெறும் அச்சுப்பிழையா, முடிவையே அசைக்கும் பிழையா என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எழுத்துப் பிழைகளை மாத்திரம் பட்டியலிட்டு நூலைத் தள்ளுவது நீதியாகாது. அடித்தளத்துப் பிழையை அச்சுப்பிழைகளின் நடுவே ஒன்றாக எண்ணிவிடுவதும் நீதியாகாது.

நூலின் வகைக்கேற்பக் கேள்வியும் மாறும். சரித்திரத்தில் சான்றின் வலிமையைக் கேட்கிறோம். யாத்திரை நூலில், ஆசிரியர் கண்டது எது, கேட்டது எது என்று பிரித்துக் கேட்கிறோம். விஞ்ஞான நூலில் செய்தியின் திருத்தத்தோடு, தமிழில் அது விளங்குகிறதா என்றும் கேட்கிறோம். சுயசரிதத்தில் கேட்கவேண்டியவை இன்னும் நுட்பமானவை: ஆசிரியர் எந்த வயதில், எத்தனை வருஷம் கழித்து, எதை ஆதாரமாகக் கொண்டு எழுதுகிறார்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்', அவர் எண்பத்தைந்து வயதை நெருங்கிய 1940-ஆம் வருஷத்தில் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942-இல் அவர் காலமானதால் நின்றுபோய், 1950-இல் நூலாக வந்தது. அதனை முற்றுப்பெற்ற வாழ்க்கை வரலாறாக எடுத்துக்கொண்டு, பிற்காலப் பதிப்புக்களைப் பற்றி ஏன் கூறவில்லை என்று குறைகாண்பவன் நூலை அறியாதவன். வாரந்தோறும் பத்திரிகை வாசகருக்காக எழுதப்பட்டது அது. அதன் நடைக்கும், ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு நிகழ்ச்சியில் திரண்டு முடிவதற்கும் அது ஒரு காரணமாகும் என்பதை உணர்ந்தவனே அதனை அதன் அளவுகோலால் அளக்கிறான்.

ஒரு முன்மாதிரி

உண்மைகளைச் சொல்ல வந்த நூலுக்கு எழுதப்பட்ட மதிப்புரைகளுள் நம் நாட்டில் மிகவும் பெயர்பெற்றது, காதரைன் மேயோ என்ற அமெரிக்க மாது 1927-ஆம் வருஷத்தில் வெளியிட்ட 'மதர் இந்தியா' என்ற நூலைப் பற்றி, அவ்வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி 'யங் இந்தியா'வில் காந்தியடிகள் எழுதியது. பால்ய விவாகத்தையும் சுகாதாரக் கேட்டையும் தீண்டாமையையும் எடுத்துக்கொண்டு, இந்தியர் சுயராஜ்யத்துக்குத் தகுதியற்றவர் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதியும்படி எழுதப்பட்ட அந்நூலால் தேசமெங்கும் கோபம் பொங்கியது. அந்தக் கோபத்தின் நடுவே காந்தியடிகள் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால், மதிப்புரையின் இலக்கணம் முழுவதும் அங்கே கிடைக்கிறது.

நூல் சாமர்த்தியத்தோடும் வலிமையோடும் எழுதப்பட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை. அடுத்து, தனித்தனி மேற்கோள்கள் மெய்போலத் தோன்றினாலும், அவற்றைத் தேர்ந்தெடுத்து அடுக்கிய முறையால் முழு நூலும் பொய்த்தோற்றம் தருகிறது என்று காட்டினார். சாக்கடைகளைத் திறந்து பார்ப்பதற்கென்றே அனுப்பப்பட்ட ஒருவர், அந்தச் சாக்கடையே நாடு என்று எழுதிய அறிக்கைக்கு அதனை ஒப்பிட்டார். தம் பெயராலும் கவி தாகூரின் பெயராலும் அதில் காணப்பட்ட கூற்றுக்களை எடுத்துக்கொண்டு, அவை இடத்தினின்று பெயர்க்கப்பட்டமையைச் சுட்டினார். இவ்வளவும் சொன்னபின் அவர் கூறிய தீர்ப்புத்தான் வியக்கத்தக்கது: அமெரிக்கர் முன்னும் ஆங்கிலேயர் முன்னும் வைக்கத் தகாத இந்நூலை, இந்தியர் ஒவ்வொருவரும் ஓரளவு பயனோடு படிக்கலாம் என்றார். குற்றம் சாட்டியவரின் நோக்கம் எதுவாயினும், குற்றம் நம்மிடம் இருப்பின் அதை நீக்கவேண்டியது நம் கடமை என்பது அவர் கருத்து. நன்னூலார் 'கேட்போர்' என்று குறித்த ஒரு சொல்லின் முழு ஆழத்தையும் இங்கே காண்கிறோம். ஒரே நூல் கேட்போருக்கேற்ப வேறு வேறு பயன் தரும்.

அந்த நூலை மறுத்து லாலா லஜபதி ராய் 1928-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். தமிழில் கோவை அ. அய்யாமுத்து 'மேயோ கூற்று மெய்யா பொய்யா' என்று ஒரு நூல் எழுதினார். அந்தத் தலைப்பே ஒவ்வொரு மதிப்புரைகாரனும் தன் மேசைமேல் எழுதிவைத்துக்கொள்ளவேண்டிய வினா. 1929-ஆம் வருஷத்தில் பெண்களின் விவாக வயதை 14 என்று வரையறுத்த சாரதா சட்டம் நிறைவேறியபோது, நூலின் நோக்கத்தை மறுத்துக்கொண்டே அது சுட்டிய தீமையை ஒப்புக்கொள்ளும் நிலை எவ்வளவு நேர்மையானது என்பது விளங்கியது.

ஓர் எச்சரிக்கை

புலமை இருந்தும் தர்மம் தவறினால் நேர்வது என்ன என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். பாஸ்வெல் என்ற எழுத்தாளர் 1791-இல் வெளியிட்ட, ஆங்கிலப் புலவர் ஜான்ஸனின் ஜீவிய சரித்திரத்தை, ஜான் வில்ஸன் குரோக்கர் என்பவர் 1831-இல் குறிப்புக்களோடு பதிப்பித்தார். அவ்வருஷமே மெக்காலே 'எடின்பரோ ரெவ்யூ'வில் அதற்கு மதிப்புரை எழுதினார். பார்லிமெண்டில் சீர்திருத்த மசோதாவைப் பற்றிக் குரோக்கரும் மெக்காலேயும் எதிரெதிர்க் கட்சிகளில் நின்று வாதாடிவந்த காலம் அது. வருஷக் கணக்கிலும் மொழியறிவிலும் பதிப்பாசிரியர் செய்த தவறுகளை மெக்காலே அடுக்கடுக்காக எடுத்துக் காட்டினார். அத்தவறுகளுட் பல உண்மையானவையே. ஆனால் அந்த வேகம் அடங்காமல் பாஸ்வெல்லின்மேலும் பாய்ந்து, அவர் மூடராக இருந்ததாலேயே அவ்வளவு பெரிய நூல் எழுதினார் என்ற விபரீத முடிவில் கொண்டுபோய்விட்டது. அடுத்த வருஷமே கார்லைல் என்ற எழுத்தாளர் அதே நூலைப் பற்றி எழுதி, பெரியோரைக் கண்டு வணங்கும் உள்ளமும் திறந்த கண்ணுமே பாஸ்வெல்லின் நூலைப் பெரிதாக்கின என்று மறுத்தார். நூறு வருஷங்களுக்குப் பின்னர், அயர்லாந்தில் மாலஹைட் கோட்டையில் பாஸ்வெல்லின் சொந்தக் காகிதங்கள் கிடைத்தன. 1950-இல் அவருடைய லண்டன் நாட்குறிப்பு அச்சேறியது. எவ்வளவு கவனத்தோடு குறிப்பெடுத்து, எவ்வளவு முயன்று உழைத்த கலைஞர் அவர் என்பதை உலகம் கண்டது.

குரோக்கரின் தவறுகளைத் திருத்தியதில் மெக்காலே செய்த தொண்டு நிலைத்தது. பாஸ்வெல்லைப் பற்றிய அவர் தீர்ப்பு நிலைக்கவில்லை. சான்று காட்டிச் சொன்னது நின்றது. பகையும் சாதுரியமும் சேர்ந்து சொன்னது விழுந்தது. ஆகவே, நூலாசிரியனோடு நட்போ பகையோ உடையவன் அந்நூலை மதிப்பிட இசையாமல் விலகுதல் நன்று. விலக இயலாதபோது அவ்வுறவை வாசகனுக்கு முதலிலேயே சொல்லிவிடுதல் வேண்டும்.

முடிவுரை

கண்டிக்கும்போது சொல் கடுமையாக இருக்கவேண்டிய அவசியமில்லை. காரணம் திடமாக இருந்தால் போதும். நூலைக் கண்டிக்கலாம், ஆசிரியரின் குலத்தையும் கட்சியையும் இழுப்பது கண்டனம் ஆகாது. ஆசிரியர் எழுத எண்ணாத நூலை ஏன் எழுதவில்லை என்று கேட்பது வீண். எழுத எண்ணியதை எவ்வளவு நிறைவேற்றினார் என்று கேட்பதே முறை. பாராட்டும்போதும், அருமை, சிறப்பு என்ற பொதுச் சொற்களைவிட, இன்ன அத்தியாயத்தில் இன்ன செய்தி இதற்குமுன் தமிழில் எவராலும் சொல்லப்படவில்லை என்ற ஒரு வாக்கியம் ஆசிரியருக்கு அதிகச் சன்மானம். இறுதியில், இந்நூலை யார் படிக்கலாம், எதற்காகப் படிக்கலாம், எந்த இடத்தில் எச்சரிக்கையோடு படிக்கவேண்டும் என்று தெளிவாகச் சொல்லி முடிக்கவேண்டும். இரண்டு பக்கமும் தலையசைத்து நிற்கும் மதிப்புரையால் எவருக்கும் பயனில்லை.

நூலாசிரியன் தன் ஆயுளில் சில வருஷங்களை அந்த நூலுக்குக் கொடுத்திருக்கிறான். வாசகன் தன் சம்பாத்தியத்தில் சில ரூபாய்களையும் சில நாட்களையும் அதற்குக் கொடுக்கப்போகிறான். இவ்விருவருக்கும் நடுவே நிற்பவன் மதிப்புரைகாரன். ஆதலால் மதிப்புரை எழுத இசையும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: இருமுறை முழுவதும் படிக்க நேரமில்லாத நூலை, மதிப்புரைக்கு ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.